கூரையில் நின்ற கணு

மலையடிவாரத்துச் சீமையில் ஒரு மாம்பலகை இருந்தது. அதற்கென்று வீடு கிடையாது. ஆனால் அது தாங்கிப் பிடிக்காத வீடு அந்த வட்டாரத்தில் குறைவு.

கான்கிரீட் கூரை போடுகிற இடமெல்லாம் அதற்கு வேலை. கீழே சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, மேலே பலகைகளைப் பரப்பி, அதன்மேல்தான் கலவையைக் கொட்டுவார்கள். கலவை இறுகிக் கல்லாகும் வரை பலகை அடியில் கிடந்து சுமக்கும். இறுகியதும் அதைப் பிரித்து லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ரேஷன் கடை என்று எத்தனையோ கூரைகள். ஒன்றையும் அது முடிந்த கோலத்தில் பார்த்ததில்லை.

பலகையின் நடுவில் ஒரு கணு இருந்தது. மரமாக நின்ற காலத்தில் அங்கிருந்து ஒரு கிளை கிளம்பியிருந்தது. இப்போது அது கறுத்து, வட்டமாக, திறந்த கண்போல இருந்தது.

"என்னைய முறைக்காதே," என்று சவுக்குக் கம்பு அடிக்கடி சொல்லும்.

"முறைக்கலை அண்ணாச்சி. பாக்கேன். ஒரு வீட்டுலயாவது பால் காய்ச்சுறதைப் பாத்திரணும்னு எனக்கு ஆசை."

"நம்ம பொழப்புக்கு அது நடக்காது. காய்ச்சல் கிடக்கையிலதான் வைத்தியனைத் தேடுவாவ. குளிச்சு, பொட்டு வச்சு, விருந்துக்கு இலை போடையில வைத்தியனை யாரு நினைப்பா?"

கம்பு இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பதுபோலச் சொல்லும். பலகையும் சிரித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் இசக்கிச்செல்வி என்கிற பெண் ஒரு சிறிய கட்டடம் கட்டத் தொடங்கினாள். அவள் பிசியோதெரபி படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளுடைய அப்பா சங்கிலி, சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவர். முதுகு வலி, மூட்டு வலி என்று வருகிறவர்களைப் படுக்க வைத்து வைத்தியம் பார்க்க அவளுக்கு ஒரு பெரிய அறை வேண்டியிருந்தது.

அதை வரைந்து கொடுத்தவள் அவளுடைய பள்ளித் தோழி கிரேஸ்லின். கட்டடக்கலை படித்துவிட்டு அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்தாள். மேற்கே மலையைப் பார்க்க அகலமான ஜன்னல் வைத்தாள். சாரல் காற்று அந்த வழியாக நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியேறும். தரைக்குச் சிவப்பு ஆக்சைடு. கூரை வார்க்கும்போது அடியில் பரப்ப இரும்புத் தகடு வேண்டாம், பழைய மரப்பலகைதான் வேண்டும் என்றாள்.

முட்டும் பலகையும் கட்டுகிற சென்ட்ரிங் மேஸ்திரிக்குப் புரியவில்லை. "தகடுன்னா அடி வழவழன்னு வரும் மேடம். பலகையில வரி வரியாத் தடம் விழும்."

"தடம் விழத்தான் அண்ணாச்சி பலகை கேக்கேன்."

"பிறகு பூசி மறைச்சிருவீயளா?"

"பூச்சே கிடையாது. அப்படியே விடப்போறோம்."

மேஸ்திரி செல்வியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன தாயி, ஒனக்குச் சம்மதந்தானா?"

"அவதான் அண்ணாச்சி அதுக்குப் படிச்சிருக்கா," என்றாள் செல்வி. குரலில் தைரியம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

"சரி, பலகைக்குக் கழிவு ஆயில் தடவட்டா?"

"வேண்டாம், கூரை கறுத்துப்போகும். தண்ணியில ஊற வைங்க, போதும்."

"ஆயில் இல்லைன்னா பிரிக்கையில கடிச்சுப் பிடிக்கும். அப்போ என்னையச் சொல்லக் கூடாது."

வாசலில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, கொம்பு மீசை. அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சலித்துக்கொண்டது: "பூசாத கட்டடத்து மேல எவன் கண்ணு வைப்பான்? என்னைய எதுக்கு இங்க தொங்க விட்டுருக்காவ?"

கூரை போடும் நாள் வந்தது. ஒருபக்கம் பிரியாணி வெந்தது, மறுபக்கம் கலவை இயந்திரம் உருண்டது. கலவை சட்டி சட்டியாக வந்து பலகையின்மேல் விழுந்தது. அதுதான் கூரை. அப்போது அதற்கு உருவமும் இல்லை, பலமும் இல்லை.

"நான் ஒழுகிருவேன். நான் விழுந்திருவேன்," என்று அது நடுங்கியது.

"விழ மாட்டே. நான் இருக்கேன்லா."

"நீ யாரு?"

"பலகை."

"ஒனக்குக் கீழே யாரு?"

"நான்தான், கம்பு," என்று கீழிருந்து குரல் வந்தது.

"ஒங்களுக்குக் கீழே?"

"பூமி. அதுக்குக் கீழே யாருன்னு கேக்காதே, எனக்குத் தெரியாது."

கூரைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் காலையில் கூரையின்மேல் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். இறுகுகிற கூரைக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று செல்வி தினமும் ஏணியில் ஏறிப் பார்ப்பாள். குறைந்திருந்தால் ஊற்றுவாள், குறையாவிட்டாலும் ஒரு குடம் ஊற்றுவாள்.

கூரை குடித்தது, இறுகியது, பேசப் பழகியது. பலகையிடம் கதை கேட்டது. பலகை தான் சுமந்த கூரைகளைப் பற்றிச் சொன்னது. பள்ளிக்கூடத்துக் கூரை முதல் நாள் ராத்திரி முழுக்க அழுததையும், கல்யாண மண்டபத்துக் கூரை பிறக்கும்போதே அதிகாரம் பண்ணியதையும் சொன்னது.

"அவங்க எல்லாம் ஒன்னையத் தேட மாட்டாங்களாக்கா?"

"அவங்களுக்கு அடியில பூசிட்டாங்கல்லா. என் தடம் உள்ளே போயிட்டு. ஆனா நிக்காங்க. ஒருத்தரும் விழலை. எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது," என்றது கூரை. "நான் ஒன்னைய விடவே மாட்டேன்."

சொன்னபடியே செய்தது.

பிரிக்கும் நாளில், மேஸ்திரி நடுவிலிருந்த கம்புகளை முதலில் தட்டி எடுத்தார். சவுக்குக் கம்பு போகும்போது நிமிர்ந்து பார்த்து, "நில்லு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று மட்டும் சொன்னது. கூரை நின்றது. தன் பாரம் தன்மேலேயே இறங்குவதை உணர்ந்தது, பயந்தது, ஆனாலும் நின்றது.

பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மாம்பலகை மட்டும் வரவில்லை. கூரை அதைத் தன் முழுப் பலத்தோடு பற்றிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், கடிச்சுப் பிடிக்கும்னு," என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். பலகை முறுகியது. அதன் ஓரத்தில் ஒரு கீறல் ஓடியது.

"விடு பிள்ளே," என்றது பலகை.

"விட்டா நீ போயிருவே."

"போகத்தான் வேணும். ஒன்னைய மாதிரியே ஒருத்தி எங்கேயோ ஈரமா நடுங்கப் போறா. நீ இப்படி இழுத்தா நான் ரெண்டாப் பிளந்துபோவேன். பிறகு அவளை யாரு தாங்குவா?"

கூரை பலகையின் கீறலைப் பார்த்தது. பிறகு விட்டது.

பலகை கீழே இறங்கியது. அதன் நடுவில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். கூரையின் நடுவே, பலகையின் வரிகள் அப்படியே பதிந்திருந்த இடத்தில், கறுத்த கணு மட்டும் கழன்று கான்கிரீட்டோடு ஒட்டி நின்றது.

"கண்ணு மேலேயே நின்னுட்டு மேடம். நெம்பி எடுத்திரட்டா?"

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி, விட்டுருங்க," என்று கிரேஸ்லின் ஓடி வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

கூரை பதறியது. "அக்கா, நான் வேணும்னு எடுக்கலை. நான் விடத்தான் செஞ்சேன்."

"தெரியும். இருக்கட்டும்," என்றது பலகை. "என்னால இருக்க முடியாது. அது இருக்கட்டும். பால் காய்ச்சையில அது பாக்கட்டும்."

"காட்டுதேன்க்கா. சத்தியமாக் காட்டுதேன்."

லாரி புறப்பட்டுப் போனது.

அதுவரை அறை முழுக்கக் கம்புகள் காடுபோல நின்றதால், சங்கிலி கூரையின் அடியைப் பார்த்ததில்லை. அன்று சந்தை முடிந்து வந்தவர் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"என்ன தாயி, கூரையை எப்போ பூசுவாவ?"

"பூச்சு இல்லைப்பா. இதுதான் டிசைன்."

"டிசைனா?" அவர் மறுபடியும் மேலே பார்த்தார். பிறகு மகளைப் பார்க்காமல் பேசினார். "நீ பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக்குப் பூச்சு இல்லை. கடைக்குப் போனா, பூசாத வீட்டுக்காரன் வந்திருக்கான்னுதான் சொல்லுவான். ஒன்னையவும் அப்படித்தான் சொன்னாவ. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இந்தக் கட்டடத்தையும் அப்படிச் சொல்லணுமா?"

கிரேஸ்லின் சொன்னது அவளுக்குச் சரியாகப்பட்டிருந்தது. இப்போது அப்பா சொன்னதும் சரியாகப்பட்டது. இரண்டு சரிகளுக்கு நடுவில் நிற்கும்போது அவள் எதிரில் நிற்பவர் பக்கம் சாய்ந்துவிடுவாள்.

"எல்லாரும் போடுதாவள்லா, வெள்ளையா, ஃபால்ஸ் சீலிங். அதைப் போட்டு மூடிருவோம். அந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சரிப்பா," என்றாள் செல்வி.

கூரை அதைக் கேட்டது. அதன் நடுவில் கணு திறந்தே இருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் ஃபால்ஸ் சீலிங்குக்கான ஜிப்சம் அட்டைகள் வந்து இறங்கின. வெள்ளை வெளேரென்று சுவரில் சாய்ந்து நின்றன.

"யாருப்பா அது மேலே, முகமெல்லாம் வரியா?" என்று ஓர் அட்டை கேட்டது. "கவலைப்படாதே. நாங்க ஏறிட்டா ஒன்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

"ஒரே ஒரு நாள் பொறுங்க," என்று கூரை கெஞ்சியது. "நாளைக்குப் பால் பொங்கட்டும். பிறகு மூடிக்கோங்க. நான் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எங்களைக் கேட்டா எப்படி? ஏறுன்னா ஏறுவோம், இறங்குன்னா இறங்குவோம். எங்களுக்கும் வாய் இருக்கே தவிர, மனுசங்க காதுல விழுமா?"

அது உண்மை. கூரைக்கும் கை கிடையாது. மேற்கு ஜன்னல் வழியே நுழைந்த சாரல் காற்றை அது கூப்பிட்டது. "நீ ஊர் ஊராப் போறவன். அக்கா எந்த ஊர்ல கிடந்தாலும் சொல்லிரு. என்னால முடியலைன்னு சொல்லிரு."

"கெட்ட சேதியை நான் முன்கூட்டிச் சுமக்கிறதில்லை," என்றது காற்று. "நடந்தபிறகு சொல்லு, கொண்டு போறேன்."

திருஷ்டி பொம்மைகூட அன்று கேலி பேசவில்லை.

கூரைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நிற்பது. அது நின்றது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வைத்தியக் கட்டில் வந்திருந்தது. இரும்புக் கட்டில், நல்ல கனம். இறக்க நாலு பேர் இருந்தார்கள். ஆனால் பிறர் பாரம் தூக்குவதைக் கைகட்டிப் பார்த்து நிற்க சங்கிலிக்குத் தெரியாது. "தள்ளுங்கடே," என்று ஒரு முனையில் தோள் கொடுத்தார். கட்டில் அறைக்குள் வந்து சேர்ந்தது. சங்கிலி நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு பேர் இருக்கையில நீங்க எதுக்குப்பா தூக்குதீய?"

"கை சும்மா நிக்க மாட்டேங்குது."

"சட்டையைக் கழத்திட்டுப் படுங்க."

"இத்தனை பேர் நிக்கையிலயா?" அவர் ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர்களைப் பார்த்தார். ஒருவன் ஏணியில் ஏறி அளவு எடுத்துக்கொண்டிருந்தான்.

"இங்க வாரவங்க எல்லாம் அப்படித்தான்பா. படுங்க."

தயங்கித் தயங்கிச் சட்டையைக் கழற்றி, கட்டிலில் மல்லாந்து படுத்தார். பகல் நேரத்தில் அவர் மல்லாந்து படுத்து எத்தனையோ காலமாயிற்று. செல்வி அவருடைய இடுப்பைப் பார்த்தாள், முழங்காலை மடக்கி நீட்டினாள், பிறகு தலைமாட்டில் வந்து நின்று கழுத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

சங்கிலிக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. கூரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "இது மரமா?"

"இல்லைப்பா, கான்கிரீட்தான். மரத்தோட தடம்."

"நடுவுல கண்ணு மாதிரி?"

"அது மட்டும் மரம். பலகையோட கணு. பிரிக்கையில அது வரமாட்டேன்னு நின்னுட்டு."

"பலகை எங்கே?"

"அடுத்த வேலைக்குப் போயிட்டு."

"ம்," என்றார். வரிகளைக் கண்ணாலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டிப் பார்த்தார். கணுவுக்குப் பக்கத்தில் வரிகள் ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றுவதுபோல வளைந்து போயின. "பாக்க நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் பூசுனாத்தானே தாயி முழுசு?"

செல்வியின் பெருவிரல் அப்போது அவருடைய பிடரியில் இருந்தது. மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அந்த இடம் காய்த்துத் தடித்து, மாட்டின் கழுத்துபோல இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"இதுவும் பூசாமத்தான்பா கிடக்கு," என்றாள்.

சங்கிலியின் கை கழற்றிப் போட்ட சட்டையைத் தேடியது.

"நான் பட்டம் வாங்கையில துண்டைப் போட்டு இதை மூடிக்கிட்டு உக்காந்திருந்தீய. அந்த வெயில்ல, கடைசி வரைக்கும். நான் ஒருநாளும் ஒங்களை மூடச் சொல்லலைலாப்பா."

ஏணியில் நின்றவன் அளவு நாடாவை மெல்லச் சுருட்டினான். சங்கிலியின் கண்கள் கணுவிலேயே இருந்தன. கணுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி," என்றார் கடைசியில், "இடுப்பு வலின்னு படுத்தவன்கிட்ட வக்கீல் மாதிரி பேசுதியே." பிறகு ஏணியைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எறங்கு. கூரைக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அண்ணாச்சி, நாளைக்கு விசேசம்னு அவசரப்பட்டுக் கொண்டாந்திருக்கோம்!"

"கொண்டாந்தது வீணாப் போகாது. அந்தா, அந்த மூலையில நிறுத்தி ஒரு மறைப்பு கட்டு. சட்டையைக் கழத்துறவன் ஒதுங்க இடம் வேணும்லா? இப்போ நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும். மேலே மூடிட்டா படுத்துக் கிடக்கிறவன் எதைப் பாப்பான்? வெறும் வெள்ளையை எம்புட்டு நேரம் பாக்க முடியும்?"

அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "மறைக்கத்தான் எங்களுக்குத் தெரியும்," என்றது முதல் அட்டை. "மறைக்க வேண்டியதை மறைக்கச் சொன்னா எங்களுக்கும் மரியாதைதான்." அவை ஆள் தோளில் ஏறி மூலைக்குப் போயின.

மறுநாள் காலையில் சிவப்புத் தரையின் நடுவில் செங்கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். செல்வி பால் பாத்திரத்தை வைத்தாள். கிரேஸ்லின் ஊதி ஊதிப் புகையில் கண் கலங்கினாள். சந்தையிலிருந்து சங்கிலியின் கூட்டாளிகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"என்னவே சங்கிலி, கூரையைப் பூச விட்டுப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"படுத்துப் பாரும்வே. பிறகு பேசும்."

அவர் சிரித்துக்கொண்டே கட்டிலில் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சிரிப்பு மட்டும் மெல்ல அடங்கியது.

"எந்திரியும்வே, பின்னால ஆள் நிக்கி," என்று அடுத்தவர் அவர் காலைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கு ஒரு வரிசையே நின்றது.

"ஒருத்தனும் என்னையப் பாக்கலை, எல்லாவனும் மேலே பாக்கான்," என்றது வாசலில் திருஷ்டி பொம்மை. "இதுக்குத்தான் என்னையக் கட்டியிருக்காவ போல. இனி எனக்கு வேலை இருக்கு."

பால் மெல்ல ஏறியது. விளிம்புக்கு வந்து, ஒரு கணம் நின்று, நுரைத்துக் கவிழ்ந்து வழிந்தது.

"பொங்கிட்டு, பொங்கிட்டு!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெண்கள் குலவையிட்டார்கள்.

"பாத்தியா?" என்று கூரை தன் நடுவிலிருந்த கணுவிடம் கேட்டது. "பாத்தியாக்கா?"

மேற்கு ஜன்னலில் காத்திருந்த சாரல் காற்று உள்ளே வந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றியது, பால் மணத்தை அள்ளிக்கொண்டது, எதிர் ஜன்னல் வழியே வெளியேறியது.

இரண்டு ஊர் தள்ளி ஓர் அங்கன்வாடிக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையின்மேல் அப்போதுதான் கலவை வந்து விழுந்திருந்தது. புதுக் கூரை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒன் நடுவுல என்னது, சிமெண்டுச் சாக்குத் தாளை வச்சு அடைச்சிருக்கு?" என்று அது பயந்து கேட்டது. "ஓட்டையா? நான் அது வழியா ஒழுகிருவேனா?"

காற்று வந்து பலகையின் அடியில் நின்றது. பலகை அதை முகர்ந்து பார்த்தது.

"ஒழுக மாட்டே பிள்ளே, நான் இருக்கேன்," என்றது. "அது என் கண்ணு. ஒரு வீட்டுல பால் காய்ச்சுதாவ, பாக்கப் போயிருக்கு."